ஸ்டோயிக்குகளின் தீயும் மூச்சும்: பழைய கிரேக்கர்களிடமிருந்து வந்தது எது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்டோயிக் தத்துவம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

ஸ்டோயிக்னா எது நடந்தாலும் கலங்காம இருக்கிறதுதானே? அதுல இயற்பியல், அண்டம் எல்லாம் எங்கேர்ந்து வருது?

இப்போது கடைகளில் கிடைக்கும் ஸ்டோயிக் புத்தகங்கள் பெரும்பாலும் அறவியலை மட்டும் தனியாகப் பிய்த்துத் தருகின்றன, அதனால் இப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அவர்கள் தங்கள் தத்துவத்தைத் தர்க்கம், இயற்பியல், அறவியல் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும் என்றார்கள். அதற்கு முட்டையை உவமை சொன்னார்கள்: ஓடு தர்க்கம், வெள்ளைக்கரு அறவியல், நடுவில் இருக்கும் மஞ்சள்கரு இயற்பியல். இன்னொரு உவமையில் தத்துவம் ஓர் உயிரினம், எலும்பும் தசைநாரும் தர்க்கம், சதை அறவியல், உயிர் இயற்பியல்.

"இயற்கையோடு இசைந்து வாழ்" என்பது அவர்களுடைய அறத்தின் மைய வாக்கியம். இங்கே இயற்கை என்றால் மலையும் காடும் இல்லை, அண்டம் முழுவதையும் உள்ளிருந்து நடத்துகிற ஓர் அறிவு. அப்படி ஒன்று இருக்கிறதா, அது எதனால் ஆனது, எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதோடு இசைந்து வாழ்வது எப்படி? அந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் அவர்கள் பழைய கிரேக்கர்களிடம் போய்ச் சேருகிறார்கள்.

யார் எந்தக் காலம்னே குழம்புது. கொஞ்சம் வரிசையா சொல்லுங்களேன்.

தேலீஸ், அனாக்சிமெனிஸ் இருவரும் மிலேட்டஸ் நகரத்தவர்கள், கி.மு. 6ஆம் நூற்றாண்டு. எபேசஸ் நகரத்து ஹெராக்ளிடஸ் கி.மு. 500ஐ ஒட்டியவர். எம்பெடோக்ளிஸ், அனாக்சகோரஸ், அப்போலோனியா ஊர்க்காரரான டயோஜெனிஸ், அணுக்கொள்கையைக் கொண்டுவந்த டெமோகிரிடஸ் ஆகியோர் 5ஆம் நூற்றாண்டு. (பீப்பாயில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் டயோஜெனிஸ் வேறு ஆள், கலந்துவிடாதீர்கள்.) அப்புறம் சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில்.

ஸ்டோயிக் பள்ளி தொடங்குவது கி.மு. 300 வாக்கில், ஏதென்ஸில், ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில். மண்டபத்துக்குக் கிரேக்கத்தில் ஸ்டோவா, பெயர் அங்கிருந்து வந்தது. தொடங்கியவர் சைப்ரஸ் தீவின் கிடியம் ஊர்க்காரர் ஜீனோ. அவருக்குப் பிறகு கிளியாந்தெஸ், அவருக்குப் பிறகு கிரிசிப்பஸ். இந்த மூவர்தான் இயற்பியலுக்கு அடித்தளம் போட்டவர்கள். ரோமாபுரியின் செனிகா, எபிக்டெடஸ், பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் எல்லாம் இன்னும் முந்நூறு நானூறு ஆண்டுகள் கழித்து வருபவர்கள்.

பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் பக்கத்துலயே இருக்கும்போது, இருநூறு வருஷம் பின்னாடி போய் ஹெராக்ளிடஸை ஏன் பிடிச்சாங்க?

ஜீனோவைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. சிறந்த வாழ்க்கை வாழ என்ன செய்ய வேண்டும் என்று குறி கேட்கப் போனாராம், "இறந்தவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்" என்று பதில் வந்ததாம். பழையவர்களின் நூல்களைப் படி என்பதுதான் அதன் பொருள் என்று அவர் புரிந்துகொண்டார். நடந்ததோ இல்லையோ, அந்தப் பள்ளி தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதை இந்தக் கதை நன்றாகக் காட்டுகிறது.

தத்துவக் காரணமும் உண்டு. பிளேட்டோ உண்மையான இருப்பை உடலற்ற வடிவங்களில் வைத்தார். அரிஸ்டாட்டிலின் கடவுள் உலகத்துக்கு அப்பால், தன்னையே சிந்தித்துக்கொண்டிருப்பவர். ஜீனோவுக்கு இரண்டுமே சரிப்படவில்லை. உடலில்லாத ஒன்று இன்னோர் உடலைத் தள்ளவோ இழுக்கவோ முடியாது என்பது அவருடைய பிடிவாதம். சாக்ரடீஸுக்கு முந்தையவர்களோ பொருளையும் உயிரையும் அறிவையும் பிரித்துப் பார்க்கவே இல்லை. அவர்களுடைய காற்று சிந்திக்கும், தீ உலகத்தை ஓட்டும். ஜீனோவுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

ஆனால் பிளேட்டோவை அவர்கள் தூக்கி எறிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஜீனோ பிளேட்டோவின் கழகத்தில் போலெமோவிடம் பாடம் கேட்டவர். உலகமே ஓர் உயிருள்ள, அறிவுள்ள பிராணி என்ற எண்ணம் பிளேட்டோவின் திமேயஸ் உரையாடலில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டோயிக்குகள் பழையவர்களைப் படித்தது பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் எழுப்பிய கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டுதான். இதை மறந்தால் கீழே வருகிற பாதி விஷயம் புரியாது.

அவங்க உலகம் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி படம் போட்டுக் காட்டுங்க.

நடுவில் அசையாத பூமி, அதைச் சுற்றி நீர், காற்று, வெளியே தீ, அதில் விண்மீன்கள். மொத்தமும் ஓர் உருண்டை, எல்லை உள்ளது. அதற்குள்ளே துளிகூட வெற்றிடம் கிடையாது, வெளியே எல்லையில்லாத வெற்றிடம். இந்த உருண்டைக்கு இரண்டு மூலங்கள். ஒன்று எந்தக் குணமும் இல்லாத, செயலுக்கு ஆட்படுகிற மூலப்பொருள். மற்றொன்று அதனுள் முழுக்க ஊடுருவி உருவம் கொடுக்கிற, செயல்படுகிற மூலம். அந்த இரண்டாவதைத்தான் கடவுள், லோகோஸ் (உலகத்தை நடத்தும் அறிவு), ஊழ், சீயஸ் (கிரேக்கர்களின் தலைமைக் கடவுள்) என்று பல பெயரில் அழைத்தார்கள்.

செயல்படும் மூலம் உலகத்துக்குள் வேலை செய்யும் வடிவம் நியூமா, அதாவது மூச்சு: சூடான தீயும் குளிர்ந்த காற்றும் கலந்தது. ஒரு காலச் சுற்று முடியும்போது எல்லாம் தீயாகிவிடும், அதிலிருந்து மறுபடி உலகம் பிறக்கும். அந்தப் பேரெரிப்பைக் கிரேக்கத்தில் எக்பைரோசிஸ் என்பார்கள், நான் ஊழித்தீ என்றே எழுதுகிறேன்.

எல்லாமே ஹெராக்ளிடஸ்கிட்டேர்ந்து அப்படியே எடுத்ததுன்னு படிச்சேன். உண்மையா?

நெருக்கம் உண்மை. கிளியாந்தெஸ் ஹெராக்ளிடஸின் வாக்குகளுக்கு 4 நூல்களில் விளக்கம் எழுதினார், அவருடைய மாணவர் ஸ்ஃபேரஸ் 5 நூல்கள் எழுதினார். இரண்டும் கிடைக்கவில்லை, பட்டியலில் தலைப்புகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஒரு பள்ளியின் இரண்டு தலைமுறை ஆட்கள் தங்களுக்கு இருநூறு ஆண்டுகள் முந்திய ஒருவருக்கு இவ்வளவு உழைத்தார்கள் என்றால் அது தற்செயல் இல்லை.

ஹெராக்ளிடஸின் புகழ்பெற்ற வாக்கு ஒன்று: இந்த உலகத்தை எந்தக் கடவுளும் எந்த மனிதரும் செய்யவில்லை, அது எப்போதும் இருந்தது, இருக்கிறது, இருக்கும், அளவோடு பற்றி அளவோடு அணைகிற, என்றும் உயிரோடிருக்கும் தீ. இன்னொன்று: எல்லாவற்றையும் இடி ஓட்டுகிறது. இப்போது கிளியாந்தெஸ் சீயஸை நோக்கிப் பாடிய பாடலைப் பாருங்கள். அது நல்லவேளையாக நமக்குக் கிடைத்திருக்கிறது. சீயஸின் கையில் இருமுனை கொண்ட, தீப்பிழம்பான, "என்றும் உயிரோடிருக்கும்" இடி இருக்கிறது, அதைக் கொண்டு அவர் எல்லாவற்றிலும் ஊடாடும் லோகோஸை நேர்ப்படுத்துகிறார். இரண்டு வாக்குகளும் ஒரே அடியில் கூடி வருகின்றன. அந்த இடத்தை முதல்முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போதும் சிலிர்க்கிறது.

ஆனால் "அப்படியே" என்பது தவறு. ஹெராக்ளிடஸிடம் குணமற்ற மூலப்பொருள் என்ற ஒன்றே கிடையாது. அவருடைய தீ தானே மாறிக் கடலாகும், நிலமாகும். ஒன்று செய்கிறது, மற்றொன்று செய்யப்படுகிறது என்ற பிரிவு பிளேட்டோவுக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் பிறகுதான் அந்தத் தெளிவில் வர முடியும். ஜீனோ தீயைக்கூட இரண்டாகப் பிரித்தார்: அடுப்பில் எரிந்து தின்று தீர்க்கிற தீ ஒன்று, முறையாக நடந்து உயிர்களை உருவாக்குகிற கைத்திறனுள்ள தீ மற்றொன்று. இயற்கை என்பது இந்த இரண்டாவது தீ என்றார். ஒரு தச்சனைப் போல வேலை செய்யும் தீ ஹெராக்ளிடஸிடம் இல்லை.

லோகோஸ்ங்கிற சொல்லாவது அவருடையதுதானே?

சொல் அவருடையது. தன் நூலின் தொடக்கத்திலேயே, எல்லாம் இந்த லோகோஸின்படி நடந்தும் மனிதர்களுக்கு அது புரிவதில்லை என்கிறார். ஆனால் அவரிடம் அந்தச் சொல் ஒரே நேரத்தில் பேச்சு, கணக்கு, விகிதம், உலக ஒழுங்கு என்று பல பக்கம் இழுக்கும், அந்த இழுப்பையே அவர் விரும்பிப் பயன்படுத்துகிறார். ஸ்டோயிக்குகள் அதை ஓர் உடலாக்கிவிட்டார்கள். லோகோஸ் என்பது உலகம் எப்படி நடக்கிறது என்ற விளக்கம் மட்டும் இல்லை, உலகத்துக்குள் இருந்து அதை நடத்துகிற பொருள்.

அதோடு விதையையும் சேர்த்தார்கள். ஒரு விதைக்குள் முழு மரத்தின் முறையும் அடங்கியிருப்பது போல, ஊழித்தீக்குள் அடுத்த உலகத்தின் முறை அடங்கியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். உலகம் பிறப்பதை ஒரு கரு உருவாவதைப் போலவே சொன்னார்கள்: தீ காற்றாகி, நீராகி, அந்த ஈரத்துக்குள் விதையாகக் கடவுள் தங்கி, பிறகு நிலமும் மற்றவையும் பிரிந்து வருகின்றன.

உலகம் மொத்தமா எரிஞ்சு போகும்னு ஹெராக்ளிடஸ் நிஜமாவே சொன்னாரா?

ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாக நிற்கிற இடம் இது. ஸ்டோயிக்குகள் அவர் சொன்னார் என்றே எடுத்துக்கொண்டார்கள். அரிஸ்டாட்டிலும் ஓரிடத்தில், எல்லாம் ஒரு காலத்தில் தீயாகும் என்று ஹெராக்ளிடஸ் சொல்வதாக எழுதுகிறார். ஆகவே இது ஸ்டோயிக்குகளின் கற்பனை என்று தள்ள முடியாது.

என் கருத்து, அவர் அப்படிச் சொல்லவில்லை. முந்தைய பதிலுக்கு முந்தையதில் கொடுத்த வாக்கில் "எப்போதும் இருந்தது, இருக்கிறது, இருக்கும்" என்று உலகத்தைத்தான் சொல்கிறார், "அளவோடு" என்பதை இரண்டு முறை சொல்கிறார். ஒரு பக்கம் பற்றும்போது இன்னொரு பக்கம் அதே அளவு அணைந்தால் மொத்தக் கணக்கு குறையாது. வேறொரு வாக்கில், பண்டத்துக்குப் பொன், பொன்னுக்குப் பண்டம் என்பது போல எல்லாம் தீக்கும், தீ எல்லாவற்றுக்கும் மாற்று என்கிறார். சந்தையில் பொன் கைமாறுகிறது, பண்டமும் கைமாறுகிறது, ஆனால் ஒரே நாளில் எல்லாப் பண்டமும் பொன்னாகிவிட்டால் சந்தையே இல்லை. இந்த உவமையை எழுதிய மனிதர் முழு எரிப்பை நினைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தீதான் முதல்னா, அப்புறம் எப்படி மூச்சு, நியூமான்னு பேச ஆரம்பிச்சாங்க?

ஜீனோவும் கிளியாந்தெஸும் பெரும்பாலும் தீ, வெப்பம் என்றே பேசினார்கள். கிளியாந்தெஸ் எல்லா உயிரும் உள்ளே இருக்கும் வெப்பத்தால்தான் வாழ்கிறது என்று வாதாடினார். கிரிசிப்பஸ் காலத்தில் நியூமா நடுநாயகமாகிறது. இதற்குப் பின்னால் இரண்டு வழிகள் தெரிகின்றன.

ஒன்று மருத்துவம். அந்தக் காலக் கிரேக்க மருத்துவர்கள் உடலுக்குள் ஓடும் நியூமாதான் புலனையும் அசைவையும் தருகிறது என்று விளக்கினார்கள். கோஸ் தீவின் பிராக்சகோரஸை கிரிசிப்பஸ் பெயர் சொல்லியே துணைக்கு அழைக்கிறார். உயிரின் தலைமைப் பகுதி இதயத்தில் இருக்கிறது என்பதற்காக அழைத்தார். நரம்புகள் மூளையிலிருந்து புறப்படுவதை அலெக்சாந்திரியாவில் மருத்துவர் ஹெரோஃபிலஸ் அறுத்துப் பார்த்துக் காட்டிவிட்ட பிறகும் கிரிசிப்பஸ் இதயத்தை விடவில்லை, இதற்காகப் பின்னாளில் காலன் என்ற கிரேக்க மருத்துவர் அவரைப் பக்கம் பக்கமாகத் தாக்கினார்.

இன்னொன்று பழைய தத்துவம். அனாக்சிமெனிஸுக்கு எல்லாம் காற்று, நெகிழ்ந்தால் தீ, இறுகினால் மேகம், நீர், மண், கல். காற்றான நம் உயிர் நம்மைச் சேர்த்துப் பிடிப்பது போல மூச்சும் காற்றும் முழு உலகத்தையும் சூழ்ந்திருக்கின்றன என்ற ஒரு வரி அவர் பெயரில் வந்திருக்கிறது. சொற்கள் அவருடையவையா, பின்னால் வந்தவர்கள் திருத்தியவையா என்ற சந்தேகம் அறிஞர்களுக்கு உண்டு. அவரைவிட எனக்கு முக்கியமாகப் படுபவர் அப்போலோனியாவின் டயோஜெனிஸ். காற்றே அறிவு, அது எங்கும் போகிறது, எல்லாவற்றிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் ஓட்டுகிறது, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இல்லை, சூட்டிலும் ஈரத்திலும் அசைவிலும் பல வகைப்படுகிறது என்றார். ஸ்டோயிக்குகளின் நியூமாவும் அப்படித்தான். கல்லில் வெறும் பிடிப்பாகவும், செடியில் வளர்ச்சியாகவும், விலங்கில் உயிராகவும், மனிதரில் பகுத்தறிவாகவும் இருப்பது ஒரே மூச்சின் வேறு வேறு நிலைகள். எல்லோரும் ஹெராக்ளிடஸைப் பற்றியே பேசி டயோஜெனிஸை மறந்துவிடுவது நியாயமே இல்லை.

மூச்சு எப்படிக் கல்லைக் கல்லா பிடிச்சு வெச்சுக்கும்?

இழுவிசையால். நியூமா ஒரே நேரத்தில் உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் அசைகிறது. வெளியே போகும் அசைவு பொருளுக்கு அளவையும் குணத்தையும் தருகிறது, உள்ளே திரும்பும் அசைவு அதை ஒன்றாக வைக்கிறது. இந்த விறைப்புக்கு டோனோஸ் என்று பெயர். யாழின் நரம்பை முறுக்கும்போது வருகிற விறைப்புக்கும் கிரேக்கத்தில் அதே சொல்தான்.

யாழ் என்றதும் ஹெராக்ளிடஸ் திரும்ப வருகிறார். தன்னோடு முரண்படுகிற ஒன்று தன்னோடு எப்படி ஒத்துப்போகிறது என்று மனிதர்களுக்குப் புரியவில்லை, வில்லிலும் யாழிலும் இருப்பது போல எதிரெதிர் இழுப்பின் பொருத்தம் அது என்கிறார். அவர் ஒரு உவமையாக விட்டதை ஸ்டோயிக்குகள் பொருள்களின் கட்டுமான விதியாகவே மாற்றினார்கள். எனக்கு அவர்களுடைய இயற்பியலில் மிகவும் பிடித்த இடம் இது. கல் சும்மா கிடப்பது போலத் தெரிகிறது, ஆனால் அது கல்லாக இருப்பதே இடைவிடாத ஒரு வேலை.

தீ, காற்று, நீர், நிலம்னு நாலு சொல்றது எம்பெடோக்ளிஸ்தானே?

ஆமாம், எல்லாவற்றுக்கும் நான்கு வேர்கள் என்று வைத்தவர் அவர். ஆனால் அவருடைய வேர்கள் ஒன்று மற்றொன்றாக மாறாது, கலக்கும், பிரியும், அவ்வளவுதான். ஸ்டோயிக்குகளின் நான்கும் தீயிலிருந்து வந்து தீக்கே திரும்பும். அந்த மாற்றம் ஹெராக்ளிடஸின் வழி.

அரிஸ்டாட்டிலோடும் ஒரு வேறுபாடு. அவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு குணம் கொடுத்தார், காற்று என்றால் சூடும் ஈரமும். ஸ்டோயிக்குகள் ஒன்றுக்கு ஒன்று என்று நிறுத்தினார்கள்: தீ சூடு, காற்று குளிர், நீர் ஈரம், நிலம் வறட்சி. காற்று குளிர் என்பதால்தான் தீயும் காற்றும் சேர்ந்த மூச்சில் எதிரெதிர் இழுப்பு கிடைக்கிறது. வானத்துக்கென்று அரிஸ்டாட்டில் தனியாக வைத்த ஐந்தாவது பொருளையும் அவர்கள் ஏற்கவில்லை, மேலே இருப்பதும் தீயின் தூய வடிவம்தான் என்றார்கள்.

டெமோகிரிடஸோட அணுக்கொள்கை இருந்ததே. அதை ஏன் எடுத்துக்கலை?

அதே ஏதென்ஸில், அதே ஆண்டுகளில் போட்டிப் பள்ளி நடத்திய எபிகியூரஸ் அதை எடுத்துக்கொண்டார். அணுவும் வெற்றிடமும் போதும் என்றால் உலகம் மோதலில் அமைந்தது, அதற்கு நோக்கம் இல்லை. இழுவிசைக்கும் அங்கே இடமில்லை, நடுவில் வெற்றிடம் இருந்தால் மூச்சின் தொடர்ச்சி அறுந்துபோகும்.

ஆனால் டெமோகிரிடஸின் கேள்விகளை கிரிசிப்பஸ் விட்டுவிடவில்லை. ஒரு கூம்பை அடிப்பக்கத்துக்கு இணையாக வெட்டினால் கிடைக்கிற இரண்டு முகங்களும் சமமா, சமமில்லையா என்று டெமோகிரிடஸ் கேட்டிருந்தார். சமம் என்றால் அது கூம்பு இல்லை, உருளை. சமமில்லை என்றால் கூம்பின் பக்கம் படிப்படியாக இருக்க வேண்டும். கிரிசிப்பஸ் சொன்ன விடை: சமமும் இல்லை, சமமின்மையும் இல்லை. பின்னாளில் பிளேட்டோ வழி வந்த எழுத்தாளர் புளூட்டார்க் இதைப் பிடித்துக்கொண்டு திட்டினார். ஆனால் பொருளை முடிவில்லாமல் பகுத்துக்கொண்டே போகலாம், கடைசித் துண்டு என்று ஒன்று கிடையாது என்று நினைக்கிறவருக்கு அது பொறுப்பான விடை என்றே நான் நினைக்கிறேன்.

ஒரே இடத்துல ரெண்டு உடம்பு இருக்கும்னு சொன்னாங்களாமே? அது எப்படி முடியும்?

நான்காவது கேள்வியின் பதிலோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். கடவுளும் உடல், மூலப்பொருளும் உடல், ஒன்று மற்றொன்றில் முழுக்க ஊடுருவ வேண்டும். அருகருகே குவித்த பருப்பும் அரிசியும் போல இருந்தால் அது ஊடுருவல் இல்லை. ஆகவே முழுக் கலப்பு என்ற ஒரு வகையை வைத்தார்கள்: எவ்வளவு சிறிய பகுதியை எடுத்தாலும் இரண்டும் அதில் இருக்கும், ஆனாலும் இரண்டும் தத்தம் குணத்தை இழக்காது. ஒரு துளி மதுவைக் கடலில் விட்டால் அது கடல் முழுக்கப் பரவும் என்று கிரிசிப்பஸ் துணிந்து சொன்னார். நீர் கலந்த மதுவில் எண்ணெய் தோய்த்த பஞ்சை, கடற்பஞ்சைச் சொல்கிறேன், இட்டால் நீர் மட்டும் பிரிந்து வரும் என்பது அவர்கள் காட்டிய சான்று.

எல்லாவற்றிலும் எல்லாவற்றின் பங்கும் இருக்கிறது என்று அனாக்சகோரஸ் சொன்னது இங்கே நினைவுக்கு வரும். ஆனால் அவர் மனத்தை மட்டும் எதோடும் கலக்காமல் தூய்மையாக நிறுத்தினார், கலந்தால் அது ஆள முடியாது என்றார். ஸ்டோயிக்குகள் நேர் எதிர்: கலந்தால்தான் ஆள முடியும்.

எல்லாம் உடம்புன்னு சொல்ற பிடிவாதம் எங்கேர்ந்து வந்தது?

இது ஒரு வியப்பான கதை. பிளேட்டோ தன் சோஃபிஸ்ட் உரையாடலில், தொட முடிவது மட்டுமே இருக்கிறது என்று சாதிப்பவர்களை மடக்குவதற்காக ஓர் அளவுகோலை முன்வைக்கிறார்: செயல்படவோ செயலுக்கு ஆட்படவோ ஆற்றல் உள்ளதே இருப்பது. நீதி, அறிவு போன்ற உடலற்றவற்றையும் அவர்கள் ஒப்புக்கொள்ள இது வழி செய்யும் என்று நினைத்தார். ஸ்டோயிக்குகள் அந்த அளவுகோலை அப்படியே ஏற்று, செயல்படவும் ஆட்படவும் உடலால் மட்டுமே முடியும், ஆகவே உடலே இருப்பது, நீதியும் அறிவும்கூட ஒரு நிலையில் இருக்கும் மூச்சுதான் என்று முடித்தார்கள். காலம், இடம், வெற்றிடம், சொல்லின் பொருள் என்ற நான்கை மட்டும் உடலற்றவை என்று ஒதுக்கி வைத்தார்கள்.

அதே உலகம், அதே ஆட்கள் மறுபடி மறுபடி வருவாங்கங்கிறது யாரோட யோசனை?

மறுவரவு பைத்தாகரஸ் வழியினர் பேசியது. அரிஸ்டாட்டிலின் மாணவர் யூடெமஸ் வகுப்பில் சொன்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது: பைத்தாகரஸ்காரர்களை நம்பினால், கையில் இந்தக் கோலோடு நான் மறுபடியும் உங்களிடம் பேசிக்கொண்டிருப்பேன், நீங்களும் இப்படியே உட்கார்ந்திருப்பீர்கள். எம்பெடோக்ளிஸிடமும் சுழற்சி உண்டு, அன்பு எல்லாவற்றையும் ஒன்றாக்கும், பகை எல்லாவற்றையும் பிரிக்கும்.

ஸ்டோயிக்குகள் இதற்குக் காரணம் சேர்த்தார்கள். உலகத்தை நடத்துவது ஒரே அறிவு, அது சிறந்ததையே செய்யும், சிறந்த முறை ஒன்றுதான் இருக்க முடியும், ஆகவே அடுத்த சுற்றும் இதே சுற்றாகத்தான் இருக்கும். எம்பெடோக்ளிஸின் சுழற்சியில் பாதிக்குப் பகை காரணம், இங்கே அழிவுகூடக் கடவுளின் தெளிவான வேலை. பள்ளிக்குள்ளேயே எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீடோன் ஊர் போயேதஸ் ஊழித்தீயை மறுத்தார், பனேஷியஸ் அதில் ஐயப்பட்டு உலகம் அழியாது என்பதன் பக்கம் சாய்ந்தார்.

உள்ளே வெற்றிடமே இல்லேன்னுட்டு வெளியே மட்டும் ஏன் வெச்சாங்க?

ஊழித்தீயில் உலகம் விரியும், விரிய இடம் வேண்டும். இன்னொரு வாதமும் இருந்தது: உலகத்தின் விளிம்பில் நின்று ஒருவர் கையை நீட்டினால் என்ன ஆகும்? நீட்ட முடிந்தால் வெளியே இடம் இருக்கிறது. முடியாவிட்டால் தடுக்கிற ஏதோ ஒன்று வெளியே இருக்கிறது, அதன் விளிம்பில் போய் மறுபடி கையை நீட்டலாம். இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் பைத்தாகரஸ் வழியில் வந்த, தாரெந்தம் நகரத்து ஆர்கிடஸ், ஸ்டோயிக்குகள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

வானியல்ல இவங்க பின்தங்கிதானே இருந்தாங்க? சூரியன் கடலைக் குடிக்குதுன்னாங்களாமே.

சூரியன் கடலிலிருந்து எழும் ஆவியை உண்டு எரிகிறது என்பது ஹெராக்ளிடஸ் வழி வந்த எண்ணம். கிளியாந்தெஸ் இன்னும் ஒரு படி போய், சூரியன் வடக்கிலும் தெற்கிலும் ஓர் எல்லையோடு திரும்புவது தன் உணவை விட்டு விலகக் கூடாது என்பதற்காகத்தான் என்றார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற அரிஸ்டார்கஸை, உலகத்தின் அடுப்பங்கரையையே நகர்த்தியவர் என்று தெய்வநிந்தைக் குற்றம் சாட்ட வேண்டும் எனவும் சொன்னார். இதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை, அது தவறான பேச்சு.

ஆனால் அதே பள்ளியில் கி.மு. 135 வாக்கில் பிறந்த போசிடோனியஸையும் பாருங்கள். கனோபஸ் விண்மீன் ரோட்ஸ் தீவில் தொடுவானத்தை உரசுகிறது, அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் 48இல் ஒரு பங்கு மேலே நிற்கிறது, இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியம் (பழைய கிரேக்க நீள அளவு) தூரம் என்று வைத்துப் பூமியின் சுற்றளவு 2,40,000 ஸ்டேடியம் என்று கணக்கிட்டார். இன்றைய ஸ்பெயினின் காதிஸ் கரையில் கடல் ஏறி இறங்குவதைக் கவனித்து அதை நிலவோடு சேர்த்தார். உலகம் முழுக்க ஒரே மூச்சு ஓடுகிறது, ஆகவே வானத்தில் நடப்பது கடலில் தெரியும் என்று நம்புகிறவருக்கு அந்தத் தேடல் இயல்பாகவே வரும்.

பழைய நூல் எல்லாம் தொலைஞ்சு போச்சுன்னா, இவ்வளவும் எப்படித் தெரியும்? ஸ்டோயிக்குகளே ஹெராக்ளிடஸை மாத்தியிருந்தா?

இதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. கிரிசிப்பஸ் எழுதியதாக 705 நூல்கள் கணக்குச் சொல்லப்படுகிறது, ஒன்றுகூட முழுதாக இல்லை. நமக்குத் தெரிவது சிசரோ, புளூட்டார்க், காலன், டயோஜெனிஸ் லேர்ட்டியஸ் (தத்துவவாதிகளின் வாழ்க்கையை எழுதியவர், முன்பு சொன்ன இரண்டு டயோஜெனிஸும் இல்லை) போன்ற பின்னாள் ஆட்கள் எடுத்துச் சொன்ன துண்டுகள்தான், அவர்களில் புளூட்டார்க்கும் காலனும் எதிர்த்தரப்பு. ஹான்ஸ் ஃபோன் ஆர்னிம் என்ற அறிஞர் 1903 முதல் 1905 வரை அந்தத் துண்டுகளை மூன்று தொகுதிகளாகத் திரட்டினார்.

ஹெராக்ளிடஸ் விஷயத்தில் சிக்கல் இரட்டிப்பு. ஒரே ஆற்றில் இறங்குகிறவர்கள் மேல் வேறு வேறு நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்ற வாக்கு நம்மிடம் வந்து சேர்ந்ததே கிளியாந்தெஸ் வழியாகத்தான். உயிர் என்பது ஆவி போல எழுவது என்ற ஜீனோவின் கருத்து ஹெராக்ளிடஸோடு ஒத்துப்போகிறது என்று காட்ட அவர் அதை எடுத்தாண்டார். ஆக, ஹெராக்ளிடஸ் ஸ்டோயிக்குகளை எப்படி பாதித்தார் என்று கேட்கும்போது, நாம் கையில் வைத்திருக்கும் ஹெராக்ளிடஸில் ஒரு பகுதி ஸ்டோயிக் கை பட்டு வந்தவர். நான் செய்வது இதுதான்: வாக்கு எந்த வழியாக வந்தது என்று முதலில் பார்க்கிறேன், அதில் ஸ்டோயிக்குகளுக்கு வசதியான சொல் இருந்தால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்கிறேன்.

மார்க்கஸ் அரேலியஸைப் படிக்க இதெல்லாம் தெரிஞ்சிருக்கணுமா?

தெரியாமலும் படிக்கலாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அவருடைய குறிப்புகளின் நான்காம் புத்தகத்தில் ஓரிடம் வரும்: ஹெராக்ளிடஸின் சொல்லை எப்போதும் நினைவில் வை, நிலத்தின் சாவு நீராவது, நீரின் சாவு காற்றாவது, காற்றின் சாவு தீயாவது, மறுபடி திரும்பி வருவது. இதை ஆறுதல் வாக்கியமாக மட்டும் படித்துக் கடந்துவிடலாம். மேலே சொன்னதெல்லாம் தெரிந்த பிறகு படித்தால் "காற்று" என்ற சொல்லில் கண் நிற்கும். ஏனென்றால் ஹெராக்ளிடஸின் வேறு வாக்குகளில் தீ கடலாகிறது, கடல் நிலமாகிறது, நடுவில் காற்றுக்கு இடமே இல்லை. அந்தக் காற்று ஸ்டோயிக் பள்ளியில் எங்கோ உள்ளே வந்திருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஹெராக்ளிடஸுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, போர்முனைக் கூடாரத்தில் தனக்காக எழுதிக்கொண்டிருந்த பேரரசருக்கு வந்து சேர்ந்த பழைய வாக்கில் ஜீனோவின் பள்ளி விட்ட மூச்சும் கலந்திருந்தது.